புகைக்கொட்டகையைப் பிரிக்கும் முன்னே

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் ரயிலில் நீங்கள் சன்னல் ஓரமாக உட்கார்ந்து போனதுண்டா? இல்லையென்றால் ஒரு தடவை போய்வாருங்கள். கூலாயைத் தாண்டி லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் என்று போகப் போக இரு பக்கமும் செம்பனைதான். நடுவில் ஓர் ஆறு, ஒரு சிறு பட்டணம், பிறகு மறுபடியும் செம்பனை. உங்கள் தாத்தா இதே வழியில் வந்தபோது இரு பக்கமும் பால்மரமாக இருந்திருக்கும். கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இந்த ரயில்பாதை 1909-ம் ஆண்டில் முடிந்தது. ஜொகூர் நீரிணையின் மேல் போட்ட பாலம் 1923-ல் பயணிகள் ரயிலுக்குத் திறக்கப்படும்வரை ஜொகூர் பாருவில் இறங்கிப் படகேறித்தான் சிங்கப்பூர் போக வேண்டும். பாதை வந்தபின் தோட்டங்கள் வந்தன. தோட்டங்களில் நம்மவர் வந்தார்கள். நம்மவர் வெட்டிய பால், ரப்பர் மூட்டையாகி இதே பாதையில் தெற்கே இறங்கிக் கப்பலேறியது.

பால், வெள்ளையாக வாளியில் வந்த அந்தப் பால், எந்த இடத்தில் ரப்பராக மாறியது? அதைத்தான் இன்று உங்களுக்குக் காட்டலாம் என்று நினைக்கிறேன். குளுவாங்கில் இறங்கி, 1938 முதல் பெயர் சொல்லி வரும் அந்த ரயில் நிலையக் காப்பிக் கடையில் ஒரு கோப்பை குடித்துவிட்டு, தோட்டத்துச் செம்மண் சாலை ஏதாவது ஒன்றில் நுழைந்து பாருங்கள். பழைய தோட்டமாக இருந்தால், ஆலை இருந்த மேட்டுக்குப் பக்கத்தில், செம்பனை ஓலைகளுக்கு நடுவே உயரமான கட்டடம் ஒன்று நிற்பதைக் காணலாம். சன்னல் கிடையாது. சுவர் அடியில் செங்கல்; மேலே பலகை அல்லது தகரம். கூரையின் உச்சியில் இன்னொரு குட்டிக் கூரை, தொப்பிமேல் தொப்பி வைத்ததுபோல். இறவாரத்து ஓரமெல்லாம் கருத்து, தார் ஒழுகிக் காய்ந்திருக்கும். பார்ப்பதற்கு நெல் களஞ்சியம்போல் இருக்கும். நெல் மணம் மட்டும் இருக்காது. கதவை இழுத்தால், அடுப்பு அணைந்து முப்பது நாற்பது ஆண்டு ஆகியும், உள்ளேயிருந்து புகை வாடை வரும்.

அதுதான் புகைக்கொட்டகை. சில இடங்களில் புகைவீடு என்பார்கள். மலாய்க்காரர்கள் ரூமா ஆசாப் என்பார்கள். துரைமார் சொன்ன ஆங்கிலப் பெயரை நம் பாட்டிமார்கள் வாய்க்கு வந்தபடி வளைத்துச் சொன்னதும் உண்டு.

இளைய பிள்ளைகளுக்கு இந்தக் கொட்டகையின் வேலை தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆகையால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். விடியுமுன் பிரட்டு முடிந்து, மரம் வெட்டி, பத்துப் பதினொரு மணிவாக்கில் காண்டாவில் வாளிகளைத் தூக்கி வருவார்கள். கிராணி நிறுத்து எழுதிக்கொள்வார். பாலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, அமிலத்தை அளவாக விட்டுக் கலக்குவார்கள். தொட்டிக்குள் அலுமினியத் தகடுகளை வரிசையாகச் செருகிவிட்டால், மறுநாள் காலைக்குள் பால் உறைந்து, தகட்டுக்குத் தகடு ஒரு வெள்ளைப் பாளமாக நிற்கும். தயிர்போல் மெத்தென்று இருக்கும். அதை உருளை மேசினில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டு நசுக்கினால் தண்ணீர் போய் மெல்லிய விரிப்பாகும். கடைசி உருளையில் கோடு வெட்டியிருப்பார்கள். விரிப்பில் வரிவரியாகக் கோடு விழுவது அழகுக்கல்ல. ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும், காற்றும் புகையும் பட்டுச் சீக்கிரம் காயவும்தான்.

இனித்தான் கொட்டகையின் வேலை. ஈர விரிப்புகளைக் கம்புகளில் போட்டு, தள்ளுவண்டியில் ஏற்றி, தண்டவாளத்தில் உருட்டி உள்ளே தள்ளுவார்கள். சில கொட்டகைகளில் வண்டி கிடையாது. ஏணி வைத்து ஏறிக் கையாலேயே கம்புகளை அடுக்க வேண்டும். அடியில், அல்லது வெளிப்புறம் கட்டிய செங்கல் அடுப்பில், பால் வற்றி வெட்டிய பழைய ரப்பர் மரத்தின் கட்டைகள் எரியும். கொழுந்து விட்டு எரியக் கூடாது. குமுறி எரிய வேண்டும். வெப்பம் 45 பாகையில் தொடங்கி 60 பாகையைத் தாண்டாமல் நாலைந்து நாள் இருக்க வேண்டும். வெப்பம் மிஞ்சினால் விரிப்பில் கொப்புளம் விழுந்து தரம் போய்விடும். குறைந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக ஈரம் தங்கும். புகை வெறுமனே காயவைப்பதற்கு மட்டுமல்ல. அதிலுள்ள சத்து ரப்பரில் ஏறிப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கிறது. கருவாட்டுக்குப் புகை போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கணக்குத்தான். கூரைமேல் இருக்கும் அந்தக் குட்டிக் கூரையின் பலகைகளை ஏற்றி இறக்கித்தான் உள்ளே காற்றையும் புகையையும் கட்டுப்படுத்தினார்கள்.

இரவெல்லாம் ஒருவர் காவல் இருக்க வேண்டும். அடுப்பு அணையவும் கூடாது, தீ மேலே தாவவும் கூடாது. ஒரு விரிப்பு கழன்று நெருப்பில் விழுந்தால் போதும், கொட்டகையே போய்விடும். ரப்பர் தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடங்குமா?

காய்ந்து வந்த விரிப்பு தேன் நிறத்தில் கண்ணாடிபோல் இருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பட்டைத் துணுக்கோ, தூசியோ, நீர்க்குமிழியோ தெரிந்தால் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. வெட்டி எடுத்ததை வைத்துத்தான் 1-ம் தரம், 2-ம் தரம் என்று 5 வரை பிரிப்பார்கள். பிரித்ததை அடுக்கி அமுக்கி 250 ராத்தல் மூட்டையாக்கி, மேலே ஒட்டாமல் இருக்கத் தூள் கலந்த கரைசலைப் பூசி, லோரியில் ஏற்றிவிடுவார்கள். உலகச் சந்தையில் மலேயா விரிப்பு ரப்பருக்கு இருந்த பெயர், சிவந்த கண்ணோடு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பெண்களின் கத்தரிக்கோலில்தான் நின்றது. துரை சம்பாதித்துக் கொடுத்த பெயர் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை.

பிறகு ஏன் அடுப்பு அணைந்தது? இரண்டு காரணம் சொல்லலாம். 1965-ல் அரசாங்கம் மலேசியத் தர ரப்பர் என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்காமல், ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தரம் போடும் முறை. ரப்பரைத் துகளாக்கி, சூட்டுக் காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்தி, 33 கிலோ சொச்சம் எடையுள்ள கட்டியாக அமுக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பிவிடலாம். பெரிய ஆலை ஒன்று பல தோட்டத்துப் பாலையும் கட்டிப்பாலையும் வாங்கிக்கொண்டது. நாலைந்து நாள் புகை போட்டுக் காத்திருப்பானேன்? இரண்டாவது காரணம் நீங்கள் ரயிலில் பார்த்ததுதான். ஜொகூரில் லாயாங் லாயாங் பக்கத்து உலு ரெமிஸ் போன்ற தோட்டங்களில் போருக்கு முன்பே செம்பனை வந்துவிட்டது என்றாலும், மற்றத் தோட்டங்கள் 1960-களிலிருந்து ஒவ்வொன்றாக மாறின. 1980-களின் கடைசியில் நாடு முழுவதும் செம்பனைப் பரப்பு ரப்பர்ப் பரப்பை மிஞ்சிவிட்டது. பனங்குலைக்குப் புகைக்கொட்டகை எதற்கு?

ஆக, கொட்டகைகள் சும்மா நின்றன. சில உரச் சாக்கு அடுக்கும் கிடங்காயின. சில ஆட்டுக் கொட்டிலாயின. 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்களே, அப்போது நம்மவர் சிலரும் கடனை உடனை வாங்கி ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கினார்கள். அப்படி வாங்கிய துண்டில் கொட்டகையும் சேர்ந்து வந்த குடும்பங்கள் உண்டு. தாத்தா விரிப்பு போட்டார். அப்பா ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் விற்றார். இன்று பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். கொட்டகை சாய்ந்துகொண்டே வருகிறது. மழைக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். ஒருநாள் விழுந்தால்? இந்தக் கேள்விதான் உங்களில் சிலரைக் குத்தகைக்காரரிடம் கொண்டு போய் நிறுத்துகிறது.

குத்தகை என்ற சொல்லே தோட்டத்து மக்களுக்குக் கொஞ்சம் கசக்கும் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தில் குத்தகைக்காரர் வந்தால் சம்பளம் குறையும், வீடு போகும், சேமநிதி பேச்சே இருக்காது என்று அனுபவப்பட்டவர்கள் நாம். இந்தத் தடவை வேலை கொடுப்பவர் நீங்கள். அதனால் நீங்களும் அவருடைய ஆட்களும் ஏமாறாமல் இருக்க வேண்டும்.

முதலில், கட்டாயம் பிரிக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். இலங்கையில் நுவரெலியா பக்கத்துக் கந்தப்பளையில் ஹெதர்செட் என்ற தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. 1990-களில் அதை இடிக்காமல் அப்படியே தங்கும் விடுதி ஆக்கினார்கள். பழைய இயந்திரங்கள் உள்ளேயே நிற்கின்றன. அதற்குப் பெரிய முதல் வேண்டும், நமக்கு ஆகாது என்பீர்கள். சரிதான். ஆனால் தூணும் அடிக்கல்லும் நன்றாக இருந்தால் கூரையை மட்டும் மாற்றி, கோவில் திருவிழாச் சாமான் வைக்கவோ இளைஞர் மன்றத்துக்கோ பயன்படுத்த முடியாதா என்று ஒரு தச்சரைக் கூட்டி வந்து காட்டுவதில் நட்டமில்லை.

இடிப்பது வேறு, பிரிப்பது வேறு. இதை மட்டும் மறக்காதீர்கள். இடிப்பது என்றால் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே நாளில் தள்ளிவிடுவது. பிரிப்பது என்றால் கட்டியவர் எந்த வரிசையில் ஏற்றினாரோ, அதைத் திருப்பிப் போட்டு இறக்குவது. நெகிரி செம்பிலானில் அம்பாங் திங்கி அரண்மனை என்று ஒன்று உண்டு. மரத்தாலான பழைய மலாய் மாளிகை. 1953-ல் அதைப் பிரித்துச் சிரம்பானுக்குக் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தினார்கள். கெடாவில் இருந்த பெங்ஹுலு அபு செமானின் மர வீடும் 1990-களில் அப்படியே பிரிந்து, கோலாலம்பூர் ஸ்டோனர் சாலைக்குப் போய் எழுந்து நிற்கிறது. தமிழ்நாட்டுக்கு வாருங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாமல், பர்மாத் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தனித்தனியாக விற்றுத் தீர்த்த கதை ஊரறிந்தது. அதே செட்டிநாட்டு வீடு ஒன்று, கவனமாகப் பிரிக்கப்பட்டதால், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் முழு வீடாக நிற்கிறது. ஒரே மரம்தான்; பிரித்த கைதான் வேறு.

புகைக்கொட்டகை அரண்மனை அல்ல. என்றாலும் அதன் சட்டம் பெரும்பாலும் கனமான காட்டு மரம். செங்கால் மரமாக இருந்தால் இன்று புதிதாக வாங்கக் கை நடுங்கும். கரையான் லேசில் அண்டாது. மேலே அரை அங்குலம் கரி படிந்திருக்குமே தவிர, உள்ளே மரம் புத்தம் புதிதாக இருக்கலாம். ஒரு மூலையில் உளியால் சுரண்டிப் பாருங்கள். அப்புறம் செங்கல், தண்டவாளத் துண்டு, வண்டிச் சக்கரம், வார்ப்பிரும்பு உருளைகள், பழைய கனத்த தகரம். இவை எல்லாம் பணம்.

அதனால்தான் சொல்கிறேன்: ‘காசே வேண்டாம், எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறேன்’ என்று ஒருவர் இனிக்க இனிக்கப் பேசினால், அவர் தருமம் செய்ய வரவில்லை. உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே உத்திரங்களை எண்ணி முடித்துவிட்டார். அதில் தப்பில்லை, அது அவர் தொழில். நீங்களும் எண்ணியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தூண் எத்தனை, உத்திரம் எத்தனை, எவ்வளவு நீளம், எவ்வளவு பருமன், தகரம் எத்தனை என்று எழுதி, நாலு பக்கமும் உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று எது? பிறகு மூன்று குத்தகைக்காரர்களையாவது இடத்துக்கே வரச் சொல்லுங்கள். வந்து பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்கிறவரை விட்டுவிடுங்கள்.

வருகிறவரிடம் கூசாமல் கேளுங்கள். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், அதாவது சி.ஐ.டி.பி.யில் பதிந்திருக்கிறாரா? ஜி1 முதல் ஜி7 வரை வகுப்பு உண்டு. அவருடைய பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அவருடைய ஆட்களிடம் வாரியத்தின் அட்டை இருக்கிறதா? சொக்சோ கட்டுகிறாரா? ஆள் மேலிருந்து விழுந்தால் மருத்துவமனைச் செலவு யார் தலையில் விடியும்? இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறவர் வேண்டாம். இதற்குமுன் பிரித்த இடம் ஒன்றைக் காட்டச் சொல்லி, அங்கே போய் அந்த வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். சான்றிதழைவிட அந்த நாலு வார்த்தை பெரிது.

நிலமும் கொட்டகையும் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம் என்றால், எழுத்தில் நிர்வாகியின் அனுமதி இல்லாமல் ஓர் ஆணியைக்கூட எடுக்காதீர்கள். இத்தனை காலம் உழைத்த இடம் என்பது நமக்குத்தான் தெரியும், காவல் நிலையத்துக்குத் தெரியாது. சொந்த நிலமானாலும் ஊராட்சி மன்ற அலுவலகத்தில், குளுவாங் வட்டாரமானால் குளுவாங் நகராண்மைக் கழகத்தில், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மிகப் பழமையான, அபூர்வமான கட்டடம் என்று தோன்றினால் 2005-ம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அமைந்த இலாகாவுக்கு ஒரு கடிதம் போட்டு வைப்பதும் நல்லது. தபால்தலைக் காசுதானே!

விலை பேசும்போது மூன்று விதம் உண்டு. நீங்கள் கூலி கொடுத்து, சாமான் முழுவதும் உங்களுக்கே என்பது ஒன்று. சாமானை அவர் எடுத்துக்கொண்டு உங்களுக்கு ஒரு தொகை தருவது இன்னொன்று. கூலியையும் சாமானையும் கழித்துக்கொள்வது மூன்றாவது. என் கருத்தைக் கேட்டால் முதலாவதுதான் நிம்மதி. கையில் முதல் இல்லாதவர்கள் இரண்டாவதற்குப் போகலாம். மூன்றாவதில்தான் சண்டை வரும். எதுவானாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். என்னென்ன உங்களுக்கு நிற்கிறது, எத்தனை நாளில் முடியும், அடித்தளத்தையும் அடுப்பையும் பெயர்ப்பது சேர்த்தியா, குப்பையை யார் எங்கே கொண்டு போவது, பணம் எந்தெந்தக் கட்டத்தில். முன்பணம் கொஞ்சமாக இருக்கட்டும். பழைய இரும்பை எடைக்குப் போட்டால், தராசு பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். இதை அம்மாமார்களும் படிக்க வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட வேலைக்கு நாள் கூலிக்குப் போகிறவர்கள் பல சமயம் உங்கள் பிள்ளைகள்தாம்.

கூரை தகரமா, அஸ்பெஸ்டாஸா என்று முதலில் பார்க்க வேண்டும். தகரம் துருப்பிடிக்கும், தட்டினால் ஓசை வரும். சாம்பல் நிறத்தில், கனமாக, அலை அலையாக, பாசி பிடித்துக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். அஸ்பெஸ்டாஸ் ஓடு சும்மா கிடக்கும்வரை பெரிய கெடுதல் செய்யாது. உடைத்தால், அறுத்தால், மேலிருந்து வீசினால் கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் பறக்கும். மூச்சில் போனது நுரையீரலை விட்டு வெளியே வராது. இருபது முப்பது ஆண்டு கழித்து நோயாக எழும். கூலி வாங்கிய பையன் அப்போது நடுவயதுக் குடும்பஸ்தன்! இதற்கென்றே நம் நாட்டில் 1986-ல் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் விதிகள் வந்தன. கழிவை 2005-ம் ஆண்டு விதிகள் அட்டவணைக் கழிவு என்று வகுத்து, தனி எண் கொடுத்து, கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்கின்றன. ஆகவே அதைத் தெரிந்த குத்தகைக்காரர் தனியே வந்து, நனைத்து, உடையாமல் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். சாதாரணத் துணியை மூக்கில் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. உடைந்த ஓட்டைக் கொண்டுவந்து கோழிக் கூண்டுக்குப் போடுகிறவர்களைக் கண்டால் உரிமையோடு கண்டியுங்கள்.

அடுத்தது தீ. அணைந்துபோன கொட்டகைக்குத் தீ எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். பல ஆண்டுப் புகை, மரத்தில் தாராக இறங்கி ஊறியிருக்கிறது. இரும்புத் தண்டவாளத்தை அறுக்கக் காஸ் வெட்டியைக் கொண்டுவந்து ஒரு பொறி தெறித்தால் போதும். இரும்பை வெளியே இழுத்துப் போட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்கள். மின்கம்பி இருந்தால் மின்வாரியத்தார் வந்து துண்டித்த பிறகே ஏற வேண்டும். தேறாத மரத்தை அங்கேயே குவித்துக் கொளுத்துவது பழைய வழக்கம். திறந்தவெளியில் எரிப்பது இப்போது சட்டப்படி குற்றம். அந்தத் தார் மரத்தை அடுப்புக்கும் கொண்டு வராதீர்கள், சோற்றில் புகை ஏறும்.

வரிசை மிக முக்கியம். உச்சியில் உள்ள குட்டிக் கூரை முதலில். பிறகு தகரம், சட்டங்கள், கைமரங்கள், சுவர்ப் பலகை, அதன்பின் உத்திரம், கடைசியில் தூண். நேரத்தை மிச்சம் பிடிக்கக் கீழே ஒரு தூணில் கயிறு கட்டி லோரியால் இழுக்கிறவர்கள் உண்டு. கட்டடம் அவர்கள் நினைத்த பக்கம் சாய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உளுத்த பலகைமேல் கால் வைத்தால் போய்விடும்; ஏறுகிறவருக்கு இடுப்பு வாரும் கயிறும் வேண்டும். குளவிக் கூட்டையும் பாம்பையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பால் உறையவைத்த தொட்டிகளையும், மூலையில் கிடக்கும் பழைய அமில ஜாடிகளையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த அமிலம் தோலை வேகவைக்கும். திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். வேலை முடியும்வரை சுற்றிலும் கயிறு கட்டி, லயத்துப் பிள்ளைகள் நெருங்காமல் பார்க்க ஒருவரை வைக்கலாம். ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் போதும், தடியோடு.

பக்கத்து மரத்தடியில் முனியாண்டிக்குச் சூலம் ஊன்றியிருந்தால் அதைப் பற்றி முன்னதாகவே பேசி முடியுங்கள். குத்தகைக்காரர் சீனரோ மலாய்க்காரரோ, சொன்னால் மதித்து நடப்பவர்கள்தாம் அதிகம். சொல்லாமல் இருந்துவிட்டு அப்புறம் கூட்டம் கூட்டிச் சத்தம் போடுவதில்தான் மனம் முறிகிறது. முதல் நாள் காலையில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிவிட்டு ஏறினால் ஆட்களுக்கும் ஒரு தெம்பு. நம்பாதவர்களும் அந்த ஐந்து நிமிடம் நின்று கட்டடத்தை மேலும் கீழும் பார்ப்பார்கள் அல்லவா, அதுவே லாபம்!

கூரையில் ஆள் ஏறுவதற்கு முந்திய வாரத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் கொட்டகை வேலை பார்த்த பாட்டி ஒருவர் இருந்தால் அவரை அழைத்து வந்து உள்ளே நிறுத்துங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எந்த அடுப்புக்கு யார் கட்டை போட்டது, விரிப்புத் திருப்பும் கம்பு எந்த மரம், வெட்டி எடுத்த துணுக்குக்குத் தண்டனை உண்டா, கைக்குழந்தை ஆயக்கொட்டகையில் அழுதால் பால் கொடுக்க எத்தனை நிமிடம் விட்டார்கள், இதையெல்லாம் பேரப்பிள்ளைகளே கேட்டுப் பதிவு செய்யட்டும். 1942-க்குப் பிறகு சயாம் ரயில்பாதைக்குப் போனவர்கள் பெயர் அவர் வாயில் வரலாம். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் பல பேர். நாலு சுவருக்குள் நின்றால் வருகிற ஞாபகம் வீட்டு ஹாலில் வராது. ஓர் உருளை, ஒரு கம்பு, ஓர் அலுமினியத் தகடு, கதவில் ஆண்டு எண் பொறித்த பலகை இருந்தால் அது, இவ்வளவையும் விற்கும் கணக்கில் சேர்க்காமல் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய வருகைப் பதிவேடு, சம்பளப் புத்தகம் ஏதாவது அகப்பட்டால் கரையானுக்கு விடாமல் தேசிய ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். குத்தகைத் தாளிலேயே இவற்றை முதல் வரியாக எழுதிவிட வேண்டும். மூன்றாம் நாள் போய்க் கேட்டால் உருளை பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

எல்லாம் இறக்கி, லோரி கடைசி நடை போன பிறகு, குத்தகைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மீதிப் பணத்துக்கு வந்து நிற்பார். தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நீங்கள் ஒரு சுற்று நடந்து வாருங்கள். தொட்டிக் குழியை மண் போட்டு மூடியிருக்கிறாரா? பழைய கிணறு இருந்தால் அதன் வாய்க்கு மூடி போட்டாயிற்றா? காந்தம் கட்டிய கம்பால் தரையை ஒரு தடவை துழாவி ஆணிகளைப் பொறுக்கியிருக்கிறார்களா? அந்தத் தரையில் நாளைக்கே பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து விளையாட வருவார்கள். பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.